அண்ணன் பெயருக்கு வந்த பெட்டி

கேள்வி:

எனக்கு வயது 27. மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் அம்மாவுடன் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. போன மே மாதம் என் அண்ணன் தூக்கத்திலேயே மாரடைப்பில் தவறிவிட்டார். அவருக்கு 33 வயதுதான். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போதே அப்பா போய்விட்டதால் என்னை வளர்த்தது அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குக் கூட்டிப்போவார். கையொடிந்த ரோபோ பொம்மைகளை 2 வெள்ளி, 3 வெள்ளிக்கு வாங்கி வந்து இருவரும் சரி செய்வோம். அதுவே பிறகு கன்டாம் என்ற ஜப்பானிய ரோபோக்களின் பிளாஸ்டிக் மாடல் கட்டுவது, கதாபாத்திரங்களைப் போல உடை போடும் காஸ்ப்ளே என்று வளர்ந்தது. டிசம்பர் வந்தால் காமிக் ஃபியஸ்தா விழாவுக்கு ரயிலேறி கோலாலம்பூர் போவோம்.

இந்த முறைக்காக அண்ணன் எனக்கு ஃபோமில் கவச உடை செய்துகொண்டிருந்தார். பாதியில் போய்விட்டார். மீதியை நானே செய்து, போட்டுக்கொண்டு போனேன். படம் சித்தியின் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. "வருசத் திதி கூட முடியல, அதுக்குள்ள வேஷம் கட்டிட்டு நிக்கிறா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா என்னிடம் "சாப்பிட்டியா" என்பதற்கு மேல் பேசுவதில்லை.

அண்ணன் அறையில் திறக்காத மாடல் பெட்டிகள் 43 இருக்கின்றன. இறந்தவர் சாமான் வீட்டில் இருக்கக் கூடாது, திதிக்குள் எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார் அம்மா. (செப்டம்பரில் அண்ணன் முன்பதிவு செய்திருந்த பெட்டி ஒன்று அவர் பெயருக்கே வந்தது. அதை மட்டும் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, அண்ணன் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.) மேசையில் அண்ணன் பாதி கட்டிய மாடல் ஒன்று வலது கை இல்லாமல் நிற்கிறது. ஷிப்ட் முடிந்து வந்தால் அதனிடம்தான் பேசுகிறேன். "மழை நாள்ல டாப்கோட் அடிக்காத, வெள்ளை பூத்துடும்" என்று மாடலுக்கு அடிக்கும் மேல்பூச்சைப் பற்றி அவர் சொல்வது இன்னும் காதில் கேட்கிறது. தூக்கம் நான்கு மணி நேரம்தான். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? நான் விழாவுக்குப் போனது தப்பா? இந்தப் பெட்டிகளை என்ன செய்வது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்திலேயே பெரிய விஷயத்தை நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்தச் செப்டம்பர் பெட்டியைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் பயத்தைப் பார்த்துவிடலாம். உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அண்ணன் கட்டிய மாடலிடம் பேசுகிறீர்கள், அவர் குரல் காதில் கேட்கிறது என்கிறீர்கள். என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில், நெருங்கியவரைப் பறிகொடுத்த பிறகு இப்படி எதையும் செய்யாதவர்கள் மிகக் குறைவு. ஒருவர் மனைவியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் தூங்கப் போவார். ஓர் அம்மா மகனின் மோட்டார் சைக்கிள் சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டே சந்தைக்குப் போவார்.

இறந்தவரோடு உள்ள உறவை அறுத்துக்கொண்டால்தான் மனம் ஆறும் என்று மேற்கத்திய உளவியல் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தது. 1996ல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மேன், ஸ்டீவன் நிக்மேன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை வெளிப்படையாக மறுத்தார்கள். உறவு அறுவதில்லை, உருவம் மாறித் தொடர்கிறது, பெரும்பாலும் அது ஆரோக்கியமானதுதான் என்றார்கள். இதில் கிளாஸ், ஜப்பானிய வீடுகளில் முன்னோருக்கு வைக்கும் மாடத்தைப் பற்றி நிறைய எழுதியவர். அங்கே காலையில் சோறு வைப்பார்கள், வீட்டுச் செய்தி சொல்வார்கள், பிள்ளை பரீட்சையில் தேறினால் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். நம் வீடுகளில் மட்டும் என்ன? "அப்பா படத்துக்கிட்ட சொல்லிட்டுப் போ" என்று சொல்லித்தானே நம்மைத் தேர்வு எழுத அனுப்பினார்கள். படையல் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் வெளியே நிற்கிறோமே, அது யாருக்காக? நீங்கள் செய்வதும் அதுதான். உங்கள் அண்ணன் ஒரு மேசையில் வாழ்ந்தவர் என்பதால் மேசையோடு பேசுகிறீர்கள்.

எது கவலைப்பட வேண்டிய விஷயம் என்றும் சொல்லிவிடுகிறேன். இழப்பு நடந்து ஓராண்டு தாண்டிய பிறகும், அநேகமாக நாள்தோறும், அவர் இறந்ததையே மனம் ஏற்காமல், வேலைக்கோ வெளியிலோ போக முடியாமல், இனி வாழ்ந்து என்ன என்ற எண்ணம் விடாமல் பிடித்திருந்தால் அதற்குச் சிகிச்சை தேவை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் 2022ல்தான் இது தனி நோயாகச் சேர்ந்தது. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், ரயிலேறி கோலாலம்பூர் போனீர்கள், எனக்கு இத்தனை தெளிவாகக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் நீங்கள் இல்லை. ஆனால் நான்கு மணி நேரத் தூக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஷிப்ட் வேலையும் துக்கமும் சேர்ந்தால் உடம்பு தாங்காது. பக்கத்திலுள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், கட்டணம் ஒரு வெள்ளிதான். தூக்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அப்படியே இன்னொன்றும் கேளுங்கள். இது என் துறை இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 33 வயதில் மாரடைப்பு என்றால் உடன்பிறந்தவரும் இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். சில குடும்பங்களில் பிறவியிலேயே இரத்தக் கொழுப்பு மிக அதிகமாக இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. "அண்ணன் இந்த வயசுல போயிட்டார்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

நள்ளிரவில் மனம் தாங்காமல் போனால், நானும் போய்விட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மனம் உடைந்தவர்கள் பேசுவதைக் கேட்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவிக்கான 15555 எண்ணும் இருக்கிறது.

சரி, காமிக் ஃபியஸ்தாவுக்கு வருவோம்.

தெரியாத வாசகர்களுக்காக ஒரு வரி. 2002ல் தொடங்கிய விழா இது. ஜப்பானியக் கார்ட்டூன், காமிக்ஸ், விளையாட்டு ரசிகர்கள் கூடுவார்கள். தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களின் உடையைத் தாங்களே தைத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். கோலாலம்பூர் கே.எல்.சி.சி. பக்கம் டிசம்பரில் கவசமும் வாளுமாகப் பிள்ளைகள் நடந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் அங்கே போனதில் தப்பில்லை. ஏன் என்று சொல்கிறேன். துக்கம் எப்படி நடக்கிறது என்பதை மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இருவர் 1999ல் எழுதினார்கள். துக்கத்தில் இருப்பவர் ஒரே இடத்தில் நிற்பதில்லை, இழப்பின் பக்கம் போவார், பிழைப்பின் பக்கம் வருவார், மறுபடி போவார், மறுபடி வருவார், இந்தப் போக்குவரத்துதான் மனத்தைக் காப்பாற்றுகிறது என்பது அவர்கள் கண்டது. பட்டர்வொர்த்தில் வளர்ந்தவருக்கு, பினாங்குத் தீவுக்குப் போய்வரும் ஃபெர்ரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இக்கரையிலேயே கட்டிப்போட்டால் அது ஃபெர்ரி இல்லை. நீங்கள் ஒரு நாள் அக்கரை போய்வந்தீர்கள், அவ்வளவுதான்.

அதிலும் எதைப் போட்டுக்கொண்டு போனீர்கள்? அண்ணன் பாதி வெட்டி வைத்த கவசத்தை. அவர் பென்சிலால் கோடு போட்ட ஃபோமை நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள். அவர் ஒட்டிய தோள்பட்டைக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டியது வந்திருக்கிறது. நம் பாட்டிமார் ஒப்பாரி வைக்கும்போது என்ன பாடினார்கள்? கூடப் பிறந்தவன் என்ன உழுதான், என்ன வாங்கி வந்தான், எந்தச் சந்தைக்குக் கூட்டிப்போனான் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லித்தானே அழுதார்கள். தங்கை அண்ணனைப் பாடும் ஒப்பாரி நம்மிடம் எத்தனையோ உண்டு. உங்களுக்குப் பாட்டு வராது, கத்தரிக்கோலும் பசையும் வரும். இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. அந்த உடை உங்கள் ஒப்பாரி என்றுதான் நினைக்கிறேன்.

சித்திக்குப் படம் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. அந்த உடையின் கதை அவருக்குத் தெரியாது. "சித்தி, அது அண்ணன் செஞ்ச சட்டை" என்று ஒரே ஒரு வரி சொல்லுங்கள், போதும். வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம், நேரில் போய்ச் சொல்லுங்கள். அதற்கு மேல் வாதம் வேண்டாம்.

இப்போது அந்தப் பெட்டி.

உங்கள் அம்மா பெட்டிகளை எல்லாம் வெளியே அனுப்பச் சொல்கிறார். பொம்மை பிடிக்காது, அண்ணன் நினைவு வேண்டாம் என்கிறார், என்னையும் புரிந்துகொள்ளவில்லை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் செப்டம்பரில் என்ன நடந்தது? கூரியர்காரர் வாசலில் வந்து மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பெயர் கடைசியாக வாசலில் எப்போது ஒலித்ததோ. "ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மா அப்படிச் செய்யவில்லை. மகன் பெயருக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கினார். உங்கள் கையில் கொடுக்கவில்லை, அறையில் போடவில்லை. மகன் படத்துக்குக் கீழே, படையல் வைக்கிற இடத்தில் வைத்தார். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இன்று வரை அது அங்கேதான் இருக்கிறது.

மகன் கேட்டதை மகனுக்குக் கொடுத்திருக்கிறார், தங்கையே. நீங்கள் மாடலோடு பேசுகிற அதே பேச்சைத்தான் அம்மா அந்தப் பெட்டியை வைத்துப் பேசியிருக்கிறார். இருவரும் ஒரே வீட்டில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அப்படியானால் மற்ற 43 பெட்டிகளை ஏன் அனுப்பச் சொல்கிறார்? நான் ஊகிப்பதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு அந்த அறை, முடிக்காமல் போன வேலை. ஒவ்வொரு பெட்டியும் "இவன் இன்னும் இருந்திருக்க வேண்டியவன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நீங்கள் பார்க்கும்போது அண்ணன் இருக்கிறார், அம்மா பார்க்கும்போது மகன் இல்லை. அறையை ஒழித்தால் அந்தச் சத்தம் நிற்கும் என்று நினைக்கிறார். பாயையும் உடுத்திய துணியையும் எடுத்துவிடும் நம் வழக்கமும் அவருக்குத் துணைக்கு வருகிறது. டிசம்பரில் உங்கள் படத்தைப் பார்த்தபோது வேஷம் மட்டுமா தெரிந்திருக்கும்? அந்த ஃபோமை வீட்டில் குப்பை குப்பையாக மகன் வெட்டியதைப் பார்த்தவர் அவர். அதனால்தான் வாய் அடைத்துப் போயிருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

எப்படிக் கேட்பது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு இந்த மாடல்கள் பழக்கமில்லாததால், உங்களுக்குப் பதில் எழுதுமுன் கோலாலம்பூர் சென்டூலில் இருக்கும் என் அக்கா மகன் வீட்டுக்குப் போனேன். அவனும் கட்டுகிறவன். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு துண்டை நிப்பர் என்ற சிறு வெட்டுக்குறடால் முதலில் தள்ளி வெட்டினான், பிறகு ஒட்டி வெட்டினான், மிஞ்சிய புள்ளியை உப்புத்தாளால் தேய்த்தான், நகத்தால் தடவிப் பார்த்தான், மறுபடி தேய்த்தான். ஒரு முழங்கைக்கு அரை மணி நேரம். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிய துண்டுகளை வரிசைப்படுத்திக் கொடுத்தேன். பேச்சுவாக்கில், தலை நிமிராமலே, இறந்துபோன தன் தாத்தாவைப் பற்றி, என் அப்பாவைப் பற்றி, அவன் சொல்ல ஆரம்பித்தான். பதினைந்து வருடத்தில் என்னிடம் சொல்லாததை எல்லாம் சொன்னான். கை வேலையில் இருந்தால், கண் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்றால், வாய் தானாகத் திறக்கும். இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததுதான் இது, அன்றைக்கு என் வீட்டுப் பிள்ளையிடமே பார்த்தேன்.

அதனால் அம்மாவை எதிரில் உட்கார வைத்துப் பேசாதீர்கள். உங்களுக்கு லீவு உள்ள நாளில், அம்மா நெத்திலிக்குத் தலை கிள்ளும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். நீங்களும் கிள்ளுங்கள். கொஞ்ச நேரம் போகட்டும். அப்புறம், "அம்மா, அண்ணனுக்கு வந்த அந்தப் பெட்டிய ஏன் அங்க வச்சீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அம்மா அழலாம், "வேற எங்க வைக்கிறது?" என்று எரிந்து விழலாம், எழுந்தே போகலாம். எது நடந்தாலும் நெத்திலியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். உங்கள் நியாயத்தை அன்றைக்குப் பேச வேண்டாம், 43 பெட்டிகளைப் பற்றியும் எடுக்க வேண்டாம். அன்றைக்கு முடியாவிட்டால் அடுத்த வாரம். கவசத்தை இன்னொரு நாள் வெளியே எடுத்து, அண்ணன் வெட்டியது எது, நீங்கள் வெட்டியது எது என்று காட்டுங்கள். தொட்டுப் பார்க்கட்டும்.

பெட்டிகளுக்குத் திதியைக் கெடுவாக வைக்காதீர்கள். துக்கத்தில் அவசரமாகக் கொடுத்ததை நினைத்துப் பிறகு ஏங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் திறக்காமல் அடுக்கி வைத்தால் அப்படியே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு அட்டையில் பூஞ்சை வரும், உள்ளே இருக்கும் ஒட்டுப்படங்கள் கெடும், வெயில் பட்டால் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகும் என்று அக்கா மகன் சொன்னான். தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

அப்புறம் மெதுவாகப் பிரிக்கலாம். அண்ணனோடு சேர்ந்து கட்டிய நண்பர்கள் இருப்பார்கள், ஆளுக்கு ஒன்று அவர்கள் கையால் எடுத்துக்கொள்ளட்டும். அவர்களும் துக்கத்தில்தான் இருக்கிறார்கள், யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். 1/144 அளவிலுள்ள ஹெச்.ஜி. என்ற சின்ன வகைப் பெட்டிகள் சில இருந்தால் அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். 1980ல் வந்த முதல் கன்டாம் பெட்டிகளுக்குப் பசை வேண்டும், இப்போதுள்ளவற்றுக்கு வேண்டாம், அழுத்தினால் பொருந்தும். பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்குக் கொடுப்பதானால் ஒரு சனிக்கிழமை நீங்களும் போய் உட்கார்ந்து, நிப்பரை எப்படிப் பிடிப்பது என்று அங்குள்ள பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். லோரோங் கூலிட்டில் உங்களுக்கு அண்ணன் செய்ததுதானே அது. பெரிய, சிக்கலான பெட்டிகளைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், பாதியில் விட்டுவிடுவார்கள். உங்களுக்கென்று எத்தனை வைத்துக்கொள்வது? எண்ணிக்கையை நான் சொல்ல மாட்டேன். அலமாரியில் ஒரு தட்டு என்று இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள், அந்தத் தட்டு உங்களுடையது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். படத்துக்குக் கீழே இருப்பது அம்மாவுடையது. அதை அம்மா சொல்லாமல் தொடாதீர்கள்.

மேசையில் நிற்கும் அந்த மாடலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வலது கை இல்லை என்று மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதை முடிக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. அப்படியே நின்றாலும் நிற்கட்டும், தூசி தட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருங்கள். முடிக்கத் தோன்றினால் ஒரே மூச்சில் உட்காராதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு துண்டு. முடிந்தால் அம்மா வீட்டில் விழித்திருக்கும் நேரமாக, அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். யாராவது வந்து எட்டிப்பார்த்தால் வெட்டிய துண்டுகளை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கை பொருந்திய பிறகு டாப்கோட் அடிப்பீர்கள் அல்லவா? ஜனவரி, பிப்ரவரியில் உங்கள் பக்கம் மழை குறைவு. காலை வெயில் ஏறிய பிறகு, காற்றில் ஈரம் இல்லாத நாளாகப் பார்த்து அடியுங்கள். அண்ணன் சொன்னதுதான்.